கூலரா, கோடையா?

கே: கணினி பிராசசருக்குப் புது கூலர் மாட்டினேன். விமர்சனத்தில் 65 டிகிரி என்றார்கள். எனக்கு 82 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– கோழிப் பண்ணை வாசகர், எருமப்பட்டி

ப: அவர்கள் சோதித்த அறையில் எத்தனை டிகிரி? ஏசி அறை 22 என்றால் வித்தியாசம் 43. சித்திரை மதியம் உங்கள் அறை 39 என்றால் உங்களுக்கும் அதே 43தான். கூலர் பாஸ்! விசிறி வைத்த எந்தக் கூலராலும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. கோழிக் கொட்டகையில் தொங்கும் தெர்மாமீட்டரைக் கணினி பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேரம் முழு வேலை கொடுத்து, பிராசசர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்துப் பாருங்கள்.

கே: கூலரே இல்லாமல் ஓட்டினால்?

ப: 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தார், ஓடும்போதே கழற்றிப் பார்த்துவிட்டார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துப் பிழைத்தது. ஏஎம்டி அத்லான் புகைந்து செத்தது. இன்றைய பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை நெருங்கும்போதே தாமாக நிதானித்துவிடும். உயிர் தப்பும், வேகம் போகும்.

பண்ணை ஆபீஸ் கணினி என்றால் கூலரின் தகடுகளுக்கு நடுவே இறகுத் தூசு அடைத்திருக்கும். அணைத்துவிட்டு, பிரஷ்ஷால் தட்டியபின் சோதியுங்கள்.