தங்கவயல் கணக்கும் எம்.பி.ஏ. கணக்கும்

கேள்வி: கோலாரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் முழுநேர எம்.பி.ஏ. சேரத் தகுந்ததா என்று எப்படி எடைபோடுவது?
– வாசகர், பேத்தமங்களா

பதில்: பெங்களூரு பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதில் 2017-இல் கோலாருக்குக் கிடைத்த பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டம், அதன் சொந்தத் துறையில் பயின்றவருக்கும் இணைப்புக் கல்லூரியில் பயின்றவருக்கும் ஒன்றேயாகையால், கிடைக்கும் இடம் இவ்விரண்டில் எதில் என்பதே முதலில் கேட்கத்தக்கது. அடுத்தது படித்து முடித்தவர்கள் பெறும் ஊதியம்: கோலார் தங்கவயலில் பாறையின் தரத்தை டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று கணித்தார்களேயன்றி, கண்ணைப் பறித்த ஒற்றைக் கட்டியைக் கொண்டு அல்ல; அதுபோல, ஒருவர் பெற்ற பெருஞ்சம்பளத்தால் உப்பிப்போகும் சராசரியை விடுத்து, ஊதியங்களை ஏறுவரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் தொகையாகிய இடைநிலை ஊதியத்தையே நோக்க வேண்டும். கட்டணம் குறைவெனினும், இரண்டாண்டு வேலைக்குப் போகாமல் இழக்கும் வருமானமாகிய வாய்ப்புச் செலவையும் அதனோடு கூட்டுவது முறை. நிரந்தரப் பேராசிரியர் எத்தனைபேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனைபேர் என்பதில் கையேடு மௌனம் காத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் 30 நாளுக்குள் விடை பெறலாம். விளம்பரப் பலகையில் சிரிக்கும் மாணவர்களிடம் அந்த வசதி இல்லை.