பழைய பைக், புதுச் சொந்தக்காரர்

கேள்வி: என் பழைய பைக்கை விற்கப் போகிறேன். மழையில் ஸ்டார்ட் ஆகாது என்பதை வாங்குபவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

நீங்கள் சொல்லாவிட்டால் மழை சொல்லிவிடும்! அதுவும் அவர் பிள்ளையைப் பள்ளியில் விடப் புறப்படும் நேரம் பார்த்து. வீட்டை விற்பவர், தனக்குத் தெரிந்து, வாங்குபவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். பைக்குக்கு அந்தச் சட்டம் வராது, மனசாட்சி வரும். குறையைச் சொல்லுங்கள், அதற்கேற்ப விலையையும் குறையுங்கள்.

கேள்வி: பணம் வாங்கி, சாவியும் கொடுத்துவிட்டால், ஆர்.சி. பெயர் மாற்றம் வாங்கியவர் பாடுதானே?

நாளை விபத்து வழக்கில் சம்மன் வந்தால் அது யார் பாடு? ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெயர் மாறும் வரை கூடவே நில்லுங்கள். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கேள்வி: ஒருவரிடம் விலை பேசி முடித்தேன். இன்னொருவர் 2,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார்...

உங்கள் வாக்கின் விலை 2,000 ரூபாய்தானா? முதலில் பேசியவருக்கே கொடுங்கள். அவர் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் இளைஞர் என்றால், டேங்க்கை நிரப்பியே கொடுங்கள். சர்வீஸ் புத்தகத்தையும் இரண்டாவது சாவியையும் மறந்துவிடாதீர்கள்.