குளிர் இல்லை என்று சான்றளித்தவர்களுக்கு

பெறுநர்:
சேர்விஸ் பகுதி முகாமையாளர்,
பெயர் சொல்லாமல் விடப்படும் ஒரு கார் விற்பனை நிலையம்,
ஸ்காபரோ.

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் வரவேற்பறையில் 'தமிழ் பேசப்படும்' என்று அட்டை வைத்திருக்கிறீர்கள். அந்தத் துணிச்சலில் தமிழிலேயே எழுதுகிறேன்.

என் காரின் ஹீற்றர் குளிர்காற்றை ஊதுகிறது என்று ஜனவரியில் உங்களிடம் முறையிட்டேன். வண்டியைக் கணினியோடு இணைத்துப் பார்த்தீர்கள். 'பிழைக்குறி எதுவும் இல்லை; ஆகவே குறைபாடு இல்லை' என்று அச்சடித்து, கையொப்பமிட்டுத் தந்தீர்கள். அந்தத் தாளை ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் செருகி வைத்துத்தான் ஓட்டுகிறேன். விரல்கள் விறைக்கும்போதெல்லாம் அவற்றுக்கு எடுத்துக் காட்டுகிறேன். படிப்பறிவில்லாத விரல்கள், நம்ப மறுக்கின்றன.

உங்கள் பரிசோதனை முறையையும் பாராட்டத்தான் வேண்டும். சூடேற்றிய கூடத்துக்குள் ரீ-சேட்டோடு நின்ற இளைஞர் எஞ்சினை உறுமவிட்டு, காற்று வரும் துவாரத்தின் முன் கையை நீட்டி, 'சூடாத்தானே வருது' என்றார். உண்மைதான். 401 நெடுஞ்சாலையில் ஓடும்போதும் சூடாகத்தான் வருகிறது. சிவப்பு விளக்கில் நின்றால்தான் குளிர்கிறது. இதைச் சொன்னதற்கு உங்கள் ஆலோசகர், 'அப்ப ஹைவேயால போங்கோ' என்றார். பின்ச் அவென்யூவில் சிவப்பு விளக்குகளைக் கண்டுகொள்ளாமல் போக ஓர் அனுமதிக் கடிதமும் தந்திருந்தால் ஆலோசனை பூரணமாகியிருக்கும்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. கபின் ஃபில்டரை மாற்றினீர்கள். இப்போது மிகத் தூய்மையான குளிர்காற்று வருகிறது. ஏசிக்கு வாயு நிரப்பலாம் என்றீர்கள். நடுங்குகிறவனுக்குக் குளிரூட்டும் வாயுவைப் பரிந்துரைக்கத் தனித் துணிவு வேண்டும். கடைசியில், டாஷ்போர்டைக் கழற்றி ஹீற்றர் கோரை மாற்றுவதற்கு மதிப்பீடு எழுதினீர்கள். அதில் பொருளின் விலை கொஞ்சம், அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் மலை. குறைபாடே இல்லாத வண்டிக்கு இத்தனை சிரத்தை எடுக்கும் நிறுவனம் உலகில் வேறெங்கும் இருக்காது.

நீங்கள் மறந்திருக்கக்கூடிய ஒன்றை நினைவூட்டலாமா? பெற்றோல் காரின் ஹீற்றர் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் வெப்பமாக, எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்றுக்குள் போகிறது. தேர்மோஸ்ராற் அதைச் சுமார் 90 பாகையில் வைத்திருக்கிறது. அந்தச் சூடான கூலன்ற் டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள சிறு ரேடியேற்றருக்குள், அதாவது ஹீற்றர் கோருக்குள் ஓட, விசிறி அதன்மேல் காற்றை ஊதுகிறது. எஞ்சின் எப்படியும் வீணாக்கும் வெப்பம், முழுக்க இலவசம். விலைச்சீட்டு ஒட்ட முடியாத பொருள் என்பதால்தான் உங்கள் கவனத்துக்கு வரவில்லையோ?

ஆகவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ற் அளவைப் பார்ப்பதே முதல் வேலை. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஹீற்றருக்குப் போய்வரும் இரண்டு குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். இரண்டும் சூடென்றால், உள்ளே காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவில் பெரும்பாலும் கோளாறு. ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் கோரில் அடைப்பு இருக்கலாம். இரண்டுமே சூடேறவில்லை என்றால் கூலன்ற் குறைந்திருக்கலாம், அல்லது தேர்மோஸ்ராற் திறந்தபடி சிக்கியிருக்கலாம். இதற்கெல்லாம் வேண்டிய கருவி கை ஒன்றுதான். உங்கள் கணினிக்கு அது இல்லை என்பது அதன் குற்றமல்ல.

அந்தக் கருவி இருந்த ஒருவரிடம் போனேன். சின்னக் கராஜ். அங்கிருந்த அண்ணை பொனற்றைத் திறந்து எட்டிப் பார்த்தார். 'தம்பி, கூலன்ற் காணாது. உள்ளுக்க காத்து நிக்குது' என்றார். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்ப் இருக்கிற கூலன்றையாவது தள்ளிவிடுகிறதாம். வண்டி நின்றதும் கோருக்குள் காற்றுத்தான் குந்திக்கொள்கிறதாம். குறைந்த கூலன்ற் எங்கே போனது என்றும் காட்டினார்: கூலன்ற் பம்பின் அடியில் இளஞ்சிவப்பாய்க் காய்ந்த கறை. கூலன்றை நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட்டு, 'பம்ப் மாத்த வேணும். ஆனா வாரன்றி இருக்குத்தானே, அங்கயே போங்கோ' என்று உங்களிடமே திருப்பி அனுப்பினார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் வித்தை உங்கள் பயிற்சி வகுப்புகளில் இல்லாத பாடம்.

என் நடுக்கம் உங்களை அசைக்காது என்று தெரியும். சட்டத்தையும் அது அசைக்கவில்லை. கனடாவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 103, முன்கண்ணாடியில் படியும் உறைபனியும் புகாரும் நீங்கவேண்டும் என்கிறது; அதன் அக்கறை கண்ணாடியோடு முடிகிறது, கால்விரல் வரை வருவதில்லை. சரி, கண்ணாடிக்காகவே வாதாடுகிறேன். அதைத் துடைப்பதும் இதே சூடான காற்றுத்தான். வெளியே தெரியாத கண்ணாடியோடு ஓட்டினால் ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் பிடிப்பது ஓட்டுநரை. சான்றிதழ் தந்தவரை அல்ல.

எனவே தாழ்மையான மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: கூலன்ற் பம்ப் உங்கள் உத்தரவாதப் புத்தகத்தின் பவர்ட்ரெயின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் பிரதியை இணைத்துள்ளேன். பம்பை மாற்றித் தரவும்.

இரண்டு: இனிமேல் ஹீற்றர்களைக் கூடத்துக்கு வெளியே, தரிப்பிடத்தில், எஞ்சினை உறுமவிடாமல் பரிசோதிக்கவும். முகாமையாளரும் உடன் அமர்ந்திருப்பது முடிவின் நம்பகத்தன்மையைக் கூட்டும்.

மூன்று: குறைபாடு இல்லை என்று கண்டுபிடித்ததற்கு என்னிடம் பரிசோதனைக் கட்டணம் அறவிட்டீர்கள், இல்லாத அந்தக் குறைபாட்டை நீக்க மதிப்பீடும் தந்தீர்கள். சான்றிதழ் சரியென்றால் மதிப்பீடு பொய். மதிப்பீடு சரியென்றால் சான்றிதழ் பொய். எது பொய் என்பதை நீங்களே ஆறுதலாக யோசித்து முடிவெடுங்கள்; கட்டணத்தை மட்டும் இப்போதே திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்