மாப்பிள்ளை வீட்டுப் படையெடுப்பு

மாப்பிள்ள, பிளானு பிரமாதம். எம்மவ போன எடுத்து உங்க குரூப்பு மெசேஜ் பூராத்தையும் காட்டினா, வாசிச்சுப் பாத்தேன். பிரியாணி அண்டா யாரு கொண்டாறதுன்னு ஒரு நாள் முழுக்கப் பேச்சு. எல்லாருக்கும் ஒரே கலர்ல டீ-சர்ட்டு. ஸ்பீக்கர் பெருசா சிறுசான்னு ஓட்டெடுப்பு வேற. டயர்ல எம்புட்டுக் காத்து, கடல் எப்ப ஏறும் எப்ப வத்தும், இதப் பத்தி மட்டும் ஒரு வரி கூட இல்ல. ரொம்பப் படிச்சவுகளுக்கு அதெல்லாம் எதுக்குன்னு நானும் விட்டுட்டேன்.

போற எடம் ஆஸ்திரேலியாவுல இருக்குற கர்ரித் தீவு. 2023 வரைக்கும் ஃபிரேசர் தீவுன்னு எழுதிக்கிட்டிருந்தாகளே, அதேதான். அந்தத் தீவோட பூர்வகுடி புட்சுல்லா சனங்க ஆதியில வச்ச பேரத் திரும்பக் குடுத்துட்டாக. உலகத்துலேயே பெரிய மணல் தீவு, 120 கிலோமீட்டருக்கு மேல நீளம். அம்புட்டு மணல்லயும் உங்க கூட்டாளி ஒருத்தரு அந்தப் பளபளன்னு இருக்குற வெள்ளைக் கார ஓட்டப் போறாராம். நாலு சக்கரமும் சுத்துதாம். சுத்தட்டும். வண்டி வயிறு தரையத் தொடுற ஒசரத்துல இருந்தா, நாலும் சேந்து குழிதான தோண்டும்? இன்னொருத்தரு வாடகைக்கு எடுக்குறாராம். மணல்ல எறக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கான்னு கேட்டீகளா? கேக்க மாட்டீக. கேட்டா 'கூடாது'ம்பான், அப்புறம் போக முடியாதில்ல!

நம்மூர்ல மணல்ல ஓட்டுனவன நெனச்சுப் பாருங்க. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு 2017-ல ரோடு வந்துச்சு. அதுக்கு முந்தி தனுஷ்கோடிக்குச் சனத்த ஏத்திக்கிட்டு மணல்லயும் தண்ணியிலயும் ஓட்டுன வேன்காரன் எவனும் பாட்டுப் போட்டுக்கிட்டுப் போகல. கண்ண மணல்ல வச்சுக்கிட்டுத்தான் போனான். அவன் காலேஜுக்குப் போகாதவன், பாவம்.

காத்தக் கொறைங்க மாப்பிள்ள. ரோட்டுல 35 பாயிண்ட் வச்சிருந்தா மணல்ல 18, 20-க்கு எறக்கணும். அப்பத்தான் டயரு ஒட்டகப் பாதம் கணக்கா அகலமாப் பதிஞ்சு மேலாப்புல போகும். எறக்குன பெறகு சினிமாவுல வர்ற மாதிரி வெடுக்குன்னு ஒடிச்சுத் திருப்பினா, டயரு ரிம்ம விட்டுக் கழண்டுக்கும். திரும்பி வந்து தார் ரோடு ஏறுறதுக்கு முந்தி காத்தடிக்க ஒரு மிஷின் வேணும். ஸ்பீக்கர் வாங்குற காசுல பாதி போதும்.

வண்டி புதைஞ்சா, பொம்பளைக பாக்குறாகன்னு ஆக்ஸிலேட்டர மிதிக்காதீக. மிதிக்க மிதிக்க உள்ளதான் போகும். எறங்கி மண்வெட்டியால அள்ளி, வந்த தடத்துலயே பின்னால எடுங்க. கயிறு கட்டி இழுக்கணும்னா வண்டியில அதுக்குன்னு கொக்கி இருக்கு. டிரெய்லர் மாட்டுற குண்டுல மட்டும் கட்டிப்புடாதீக, அது தெறிச்சு ஆளையே கொன்னுருக்கு. இதுல நான் வெளையாடல. கயிறு என்ன செய்யும்னு பாக்கணுமின்னா அந்தத் தீவுக் கரையிலேயே மகெனோன்னு ஒரு கப்பல் துருப்பிடிச்சுக் கெடக்கு. 1935-ல பழைய இரும்புக்கு வித்து, ஜப்பானுக்கு இழுத்துக்கிட்டுப் போனாக. புயல்ல கயிறு அறுந்து இங்கன ஒதுங்குச்சு. நீங்க அதுக்கு முன்னால நின்னு செல்ஃபி எடுக்குறதா பிளான்ல போட்டிருக்கீக, சந்தோசம்.

கடலு உங்க குரூப்புல இல்ல, ஓட்டெடுப்புக்கு வராது. ஏத்தம் உச்சிக்கு வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்ன, ரெண்டு மணி நேரம் பின்ன கடக்கர மணல்ல வண்டிய எறக்கக் கூடாது. ஆறு மணிக்குக் கெளம்புறதுன்னு போட்டிருக்கீக. நம்மாளுக ஆறுன்னா பல்லு வெளக்க எந்திரிக்கிற நேரம். பத்தரைக்கு எல்லாரும் சேந்து, வழியில ஒரு காப்பி குடிச்சு, இன்ஸ்கிப் முனைக்குப் போய்ச் சேரையில கடலு உங்களுக்காக வத்திக்கிட்டா நிக்கும்? அந்த முனை மணல் வேற பொல்லாதது, தீவுக்குப் போற பார்ஜ்ல ஏறுமுன்னயே அங்க வண்டி புதையும். தாண்டிப் போனா கிழக்குக் கரை, சட்டப்படி அது ரோடு. 80-க்கு மேல போனா போலீசு புடிக்கும். வாய ஊதச் சொல்லியும் பாப்பான். விமானம் எறங்குனா நீங்கதான் ஒதுங்கணும், அதுக்கு ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்காதீக.

அப்புறம் அந்தப் பிரியாணி. வாசன நல்லாத்தான் இருக்கும், அங்க திரியுற டிங்கோங்கிற காட்டு நாய்க்கும். அத நம்ம தெரு நாய்னு நெனச்சு எலும்பப் போட்டா அபராதம். பழக்கிவிட்ட டிங்கோ அடுத்து வர்றவன் பிள்ளையக் கடிக்கும். பிள்ளைகள கைக்கு எட்டுற தூரத்துல வையுங்க, வேலி போட்ட எடமாப் பாத்து எடம் புடிங்க. அண்டா, ஐஸ் பெட்டி எல்லாம் வண்டிக்குள்ள பூட்டி இருக்கணும், டென்ட்டுல ஒரு முறுக்கு கூடக் கூடாது. நீங்க முறுக்குப் பொட்டலத்தத் தலமாட்டுல வச்சுத்தான் தூங்குவீகன்னு எம்மவ சொன்னா.

மெக்கென்சி ஏரியில எண்ண தேச்சுக் குளிக்கப் போறதா உங்க அண்ணன் எழுதியிருக்காரு. அது மழத்தண்ணி மட்டும் தேங்குற ஏரி மாப்பிள்ள, எண்ண போனா அங்கனயேதான் கெடக்கும். சோத்து மூட்டையும் அந்தக் கரைக்குக் கொண்டு போகக் கூடாது. கடல்ல எறங்கலாம்னு வேற ஒருத்தரு. சுறா இருக்கு, இழுப்பும் இருக்கு. ஈலி ஓடையில காலாட்டிக்கிட்டு மெதந்து வரச் சொல்லுங்க, போதும். ராத்திரி தீ மூட்டி அந்தாக்ஷரியாம். நெனச்ச எடத்துல மூட்டினா அதுக்கும் அபராதம். கிழக்குக் கரையில வெறும் மணல்ல டென்ட்டு போடுற எடத்துல கக்கூஸ் கெடையாது. இத்தன மெசேஜ்ல இதப் பத்தி ஒருத்தரும் வாயத் தெறக்கல பாத்தீகளா? எல்லாரும் பெரிய எடத்துப் பிள்ளைக.

வந்ததும் வண்டிய அடிவயித்தோட நல்ல தண்ணியில கழுவுங்க. உப்பு சும்மா விடாது. எப்படியும் அடுத்த வருசம் 'டவுனுக்குள்ள மட்டும் ஓடின வண்டி'ன்னு போட்டு விக்கத்தான போறீக, வாங்க வர்றவன் குனிஞ்சு பாத்துத் தொலைப்பான்.