பூட்டு பத்திரம், சாவி?

ஃபோல்டரை ‘ஹிடன்’ என்று மறைத்து வைத்தாலே போதாதா? என்க்ரிப்ட் வேறு செய்ய வேண்டுமா?

கதவுத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காலை வெளியே நீட்டும் குழந்தையைப் பார்த்ததில்லையா? விண்டோஸில் ஒரே ஒரு டிக் போட்டால், மறைந்திருந்ததெல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கும். என்க்ரிப்ட் செய்த ஃபைல் திருடன் கையில் கிடைக்கும், படிக்கத்தான் முடியாது.

போலீஸ் நினைத்தால்கூட உடைக்க முடியாதா?

2008-ல் பிரேசில் போலீஸ், வங்கியாளர் டேனியல் டான்டாஸின் ஹார்டு டிஸ்குகளைக் கைப்பற்றியது. உள்ளூர் நிபுணர்கள் ஐந்து மாதம் முட்டிப் பார்த்தார்கள். அடுத்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓராண்டு முட்டியது. கதவு திறக்கவில்லை.

அதில் பயன்பட்ட ‘ட்ரூகிரிப்ட்’ மென்பொருளின் விலை? இலவசம்! 2014-ல் அதை உருவாக்கியவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். அதன் வாரிசான ‘வெராகிரிப்ட்’டும் இலவசம்தான்.

சரி, பாஸ்வேர்டு எனக்கே மறந்துவிட்டால்?

அப்போது எஃப்.பி.ஐ.யும் நீங்களும் ஒரே கட்சி.

7,002 பிட்காயின்களின் சாவியை என்க்ரிப்ட் செய்த பென்டிரைவில் வைத்தார் புரோகிராமர் ஸ்டெஃபான் தாமஸ். பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்தது. அந்தப் பென்டிரைவ் தருவது பத்தே வாய்ப்பு. 2021-ல் செய்தி வெளியானபோது எட்டு முடிந்திருந்தது.

ஃபோல்டரைப் பூட்டுமுன் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள். மானிட்டர் மேல் மட்டும் ஒட்டாதீர்கள்!