முகவரி மாறாத வீடு

*கட்டடக்கலை மாணவி, மதுரை: ஏழைகளுக்கு வீடு கட்ட ஒரு பொறியாளர் போதாதா? கட்டடக் கலைஞருக்கு அங்கே என்ன வேலை?*

கேட்டுக்கொள்வதுதான் வேலை. புனேயில் எரவாடா இருக்கிறதே, சிறைச்சாலைக்குள் 1932-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான அதே எரவாடா, அங்கே போய்ப் பாருங்கள். நேதாஜி நகர், மதர் தெரசா நகர் என்று அடுத்தடுத்து வஸ்திகள், அதாவது குடிசைப் பகுதிகள். மத்திய அரசின் நகரப் புதுப்பிப்புத் திட்டப் பணம் வந்தபோது, 2009 வாக்கில், வஸ்தியை இடித்துத் தள்ளாமல் வேறு வழி தேடினார்கள். புனேக்காரரான பிரசன்னா தேசாய், வெளிநாட்டிலிருந்து வந்த பிலிப்பே பலெஸ்ட்ரா, சாரா யோரான்சன் ஆகிய கட்டடக் கலைஞர்கள், ஸ்பார்க் தொண்டு நிறுவனம், மகிளா மிலன் என்ற அமைப்பின் பெண்கள், எல்லோரும் சேர்ந்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தகரமும் தார்ப்பாயுமாக இருந்தவற்றை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டுவது, ஏற்கெனவே செங்கல்லில் நிற்கும் வீட்டைத் தொடாமல் விடுவது என்று முடிவானது. சந்து அதே சந்து, பக்கத்து வீட்டுக்காரி அதே பக்கத்து வீட்டுக்காரி.

ஒரு வீட்டுக்கு 270 சதுர அடி. செலவு மூன்று லட்சம் என்று கணக்கு வைத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் குடும்பம் போட்டது. மனை 270 சதுர அடியைவிடச் சின்னதாக இருந்தால் வீடு மேலே ஏறும். தொடக்கத்தில் மூன்று மாதிரிகள் போட்டார்கள். ஒன்று, மூன்று மாடிக்கான கட்டுமானத்தோடு இப்போதைக்கு இரண்டு மாடி. இன்னொன்றில் கீழே தூண்கள் மட்டும். வண்டி நிறுத்தலாம், கடை போடலாம். மூன்றாவது மாதிரியில் நடு மாடியைக் காலியாக விட்டார்கள், மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது சுவர் எழுப்பிக்கொள்ளட்டும் என்பதுபோல. அந்த வீட்டில் நாளை என்ன நடக்கும் என்று உட்கார்ந்து விசாரித்தவருக்குத்தான் காலி மாடி வரையத் தோன்றும்.

*வங்கி ஊழியர், சென்னை: எட்டு மாடி கட்டி எல்லோரையும் ஏற்றிவிட்டால் நிலமாவது மிச்சமாகுமே?*

மிச்சமாகும் நிலம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். உங்கள் ஊரிலேயே பெரும்பாக்கம் இருக்கிறது. எட்டு மாடிக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவக்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிய குடும்பங்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு வீடு கிடைத்தது, வேலை போனது. பள்ளிக்கூடத்தில் நடு வருஷத்தில் பெயர் வெட்டிய பிள்ளைகள் எத்தனை! சுவரும் கூரையும் கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பிடுங்குவதை வீட்டுத்திட்டம் என்று என்னால் சொல்ல முடியாது.

*ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலார் தங்கவயல்: குடிசைவாசிகளின் வீட்டுரிமைக்கான இயக்கத்தில் தமிழர் யாராவது உண்டா?*

உங்கள் ஊர்க்காரரே இருக்கிறார், ஐயா. ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்குப் பிழைக்கப் போனவர். அவர் வாழ்ந்த ஜனதா காலனியை 1976-இல் இடித்தார்கள். தடுக்கப் போராடியவர் அதோடு ஓயவில்லை. குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பை வளர்த்தெடுத்தார். 2000-இல் மக்சேசே விருது. 2018-இல் காலமானார். ஸ்பார்க்கும் மகிளா மிலனும் அவருடைய கூட்டமைப்பும் கைகோத்து நின்றதால்தான் புனேயிலும் வேலை நடந்தது.

*இல்லத்தரசி, ஈரோடு: வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வரைபடம் படிக்கத் தெரியாத பெண்கள் எப்படிச் சொல்வார்கள்?*

அம்மா, நல்ல கேள்வி. மும்பை பைகுல்லாவில் நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் 1980-களிலேயே இதற்கு வழி கண்டார்கள். மரச்சட்டத்தை நட்டு, துணியைச் சுவராகக் கட்டி, நிஜ அளவில் வீட்டை நிறுத்திவிடுவது. பிறகு உள்ளே நடந்து பார்ப்பது. பாயை விரித்தால் கதவு திறக்குமா? அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும்? குடத்தோடு திரும்ப இடம் இருக்கிறதா? காகிதத்தில் தெரியாத தப்பெல்லாம் துணிச்சுவருக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடமே தெரிந்துவிடும்.

*வாசகி, திருச்சி: கழிப்பறைக்குக்கூடவா கட்டடக்கலை?*

கழிப்பறைக்குத்தான் முதலில் வேண்டும். 1999 முதல் 2001 வரை, ரத்னாகர் கெய்க்வாட் ஆணையராக இருந்தபோது, புனே மாநகராட்சி நானூறுக்கும் மேற்பட்ட சமுதாயக் கழிப்பறைகளைக் கட்டியது. வழக்கமான ஒப்பந்தக்காரர்களை விட்டுவிட்டுத் தொண்டு நிறுவனங்களை அழைத்தது. பெண்கள் கேட்டதெல்லாம் அந்தக் கட்டடங்களில் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி வாசல், தனி வரிசை. குழந்தைகளுக்குத் தனி இடம், சின்ன பீடம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. ஏன் தெரியுமா? காலை வரிசையில் பெரியவர்கள் குழந்தையைத் தள்ளிவிட்டு முன்னால் போவார்கள். வரிசையில் பொறுக்க முடியாத பிள்ளை வெளியே சாக்கடையோரம் உட்காரும். காவலாளி குடும்பத்தோடு தங்க ஓர் அறை. அப்போது குடும்பத்துக்கு மாதம் இருபது ரூபாய் அட்டை, பராமரிப்பு அதிலிருந்து. ஒரு சின்ன பீடமும் ஒரு கைப்பிடியும் ஒரு குழந்தையின் மானத்தைக் காப்பாற்றும் என்றால் அதைவிடப் பெரிய கட்டடக்கலை எனக்குத் தெரியவில்லை.

*பொறியியல் மாணவர், சேலம்: பாதி கட்டிய வீட்டைத் தருவது ஏமாற்று இல்லையா?*

மீதியை அவர்களே கட்டும்படி நிலமும் அஸ்திவாரமும் தண்ணீரும் சாக்கடையும் சரியாகத் தந்தால் இல்லை. புனேயில் பிறந்த பி.வி. தோஷி இந்தூரின் ஆரண்யாவில் அப்படித்தான் செய்தார். சிலியில் அலெஹாந்த்ரோ அரவேனா செய்ததும் அதுவே. இருவருமே கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்றவர்கள்.

*வழக்கறிஞர், கோவை: எரவாடா திட்டத்தில் குறையே இல்லையா?*

உண்டு. கட்டி முடியும்வரை வேறெங்கோ வாடகைக்கு இருக்க வேண்டிய செலவு ஏழையின் தலையில் விழுகிறது. வீடு மேலே ஏற ஏற, படி செங்குத்தாகிறது; முட்டிவலிக்காரப் பாட்டிக்கு அது சிறை. எல்லாவற்றையும்விட, இந்த மாதிரித் திட்டங்கள் குடிசையின் உரிமைக்காரரைத்தான் கணக்கில் எடுக்கின்றன. அதே குடிசையில் வாடகைக்கு இருந்தவர் பட்டியலிலேயே இல்லை. இது சரிசெய்தே ஆக வேண்டிய குறை.

*விவசாயி, நீலகிரி: இடத்தை விட்டுப் போகவே கூடாது என்கிறீர்களா? எங்கள் பக்கம் மலையே சரிகிறது.*

இல்லை. புனே மாவட்டத்திலேயே மாலின் என்ற மலையடிக் கிராமம் இருந்தது. மகாதேவ் கோலி பழங்குடியினர் ஊர். 2014 ஜூலை 30 விடியலில் மலை இறங்கியது. 151 பேர் இறந்தார்கள். வழக்கமாக அந்த வழியே வரும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர், ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணாமல் திகைத்து நின்றுதான் செய்தி வெளியே வந்தது. அங்கே திரும்பக் கட்டுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் வேறு இடம் பார்த்துப் புது ஊர் கட்டினார்கள், 2017 ஏப்ரலில் சாவியைக் கொடுத்தார்கள். அந்த ஜூன் மாதமே, முதல் மழையிலேயே, புது ஊரின் சாலையும் மண்ணும் வெடித்தன. மழையில் தப்பியவர்களை மழைக்குப் பயந்தே வாழ வைத்தால் அது என்ன மறுவாழ்வு? ஊர் சிறுத்துப்போன பிறகு, மிஞ்சியவர்களுக்குக் கட்டும்போதுதான் மண்ணை இரண்டு மடங்கு சோதிக்க வேண்டும்.

*வாசகர், தூத்துக்குடி: எங்கள் குப்பத்துக்குக் கணக்கெடுக்க வருகிறார்களாம். என்ன செய்யலாம்?*

அவர்கள் வருவதற்கு முன்னால் நீங்களே எடுத்துவிடுங்கள். எந்தக் கதவுக்குப் பக்கத்தில் எந்தக் கதவு, யார் வாடகைக்கு இருக்கிறார்கள், யாரால் படியேற முடியாது, யாருக்கு வீட்டு வாசலிலேயே மீன் கூடை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தெருப் பெண்கள் நாலு பேர் கையெழுத்து வாங்குங்கள். அதிகாரி வந்தால் அவர் கையில் அந்த நோட்டின் நகலைக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.