சைடு வீல் மாமா

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் ஸ்டாண்டும் போடாமல், காலையும் ஊன்றாமல், ஸ்கூட்டர் மேலேயே சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தால், அவர்தான் சைடு வீல் மாமா. இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்.

முழங்கால் வலி. வண்டியைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். அதையே மகன் போனில் சொன்னான். வீட்டுக்கார அம்மா எதுவும் சொல்லவில்லை, சாவியை ஒளித்துவைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைப் பார்த்துவைத்திருந்த மாமா, சொந்தக் காசில் பின்னால் இருபுறமும் சக்கரம் மாட்டிக்கொண்டார். எண்ணிப் பார்த்தால் மொத்தம் நாலு. ஊர் அதை மூணு சக்கர வண்டி என்கிறது, மாமாவும் திருத்துவதில்லை. வண்டியை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்கிற 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மட்டும் கேட்காமலே ஒப்பிப்பார்.

சரித்திரமும் உண்டு. வெஸ்பாவைப் பெற்ற பியாஜியோ கம்பெனி, 1948-இல் அதற்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து ஆப்பேயை இறக்கியது. அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று பூதலூர் ரோட்டில் வாழைத்தார் ஏற்றிப் போகின்றன. யமஹா 2014-இல் விட்ட மூன்று சக்கர ட்ரைசிட்டி, திருப்பத்தில் தானே சாய்ந்துகொள்ளும். மாமாவின் வண்டி சாயாது. ஆகவே மாமா சாய்வார்.

பள்ளம் வந்தால் இரண்டு சக்கரக்காரன் ஒதுங்கிவிடுவான். மாமாவால் எந்தச் சக்கரத்தை இறக்குவது என்றுதான் முடிவு செய்ய முடியும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும்போது மற்றவர்கள் ஓரமாக ஒரு கோடு போட்டுப் போவார்கள். மாமா போனால் மூன்று கோடு. "ஏன் மாமா, உழுதுட்டுப் போறீங்களா?" என்று நெல் துழாவும் பெண்கள் கத்துவார்கள். "கெளறி விட்டேன்ல, கூலி குடு!" என்பார்.

அவர் வாங்கியது வண்டியே இல்லை என்பது என் கட்சி. வீட்டுத் திண்ணையை இடித்து போர்டிகோ கட்டியதிலிருந்து மாமாவுக்கு உட்கார இடமில்லை. இப்போது கொள்முதல் நிலைய வாசல், அக்னீஸ்வரர் கோயில் வாசல், டீக்கடை என்று போகிற இடமெல்லாம் திண்ணை கூடவே வருகிறது. பக்கத்துச் சக்கரத்து மட்கார்டில் இன்னொருவர் ஒண்டிக்கொள்ளலாம். மேட்டூர் நீர்மட்டம் தினமும் அங்கேதான் அலசப்படுகிறது.

ஒரு வேண்டுகோள். குடமுருட்டிப் பாலத்தில் மாமா முன்னால் போனால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நின்று பேச ஆரம்பித்துவிடுவார்.